பசுந்தழை அலங்காரமும் கிறிஸ்து பிறப்புப் பண்டிகையும்: ஒரு வரலாற்று நோக்கு

திருவருகைக் காலம் அணுகும்போதெல்லாம் நம் ஆயர்களை இருவகைக் கருத்தினர் அணுகுகின்றனர். இல்லங்களில் கிறிஸ்துமஸ் மரம் வைப்பதும் பசுந்தழைகளால் வாயிலை அணிசெய்வதும் புறவினத்தாரின் வழக்கம் என்றும், எரேமியா 10-ஆம் அதிகாரம் அதனை வெளிப்படையாகக் கண்டிக்கிறது என்றும் ஒரு சாரார் கூறுகின்றனர். அம்மரத்தை முதன்முதல் சுட்டிக்காட்டியவர் போனிபாஸ் அடிகளார் என்றும், அதில் முதன்முதல் மெழுகுவர்த்தி ஏற்றியவர் மார்ட்டின் லூத்தர் என்றும் கூறி மற்றொரு சாரார் அதற்கு அரண் செய்கின்றனர். இரு சாராரும் வரலாற்றையே துணைக்கு அழைக்கின்றனர். வரலாறு உண்மையில் யாது கூறுகிறது என்பதை ஆராயாமல் இவர்களுக்கு விடையளிப்பது முறையாகாது. ஆதலின் இவ்வழக்கம் ஐரோப்பியத் திருச்சபையில் கடந்துவந்த பாதையைச் சுருக்கமாகக் காண முற்படுகிறோம்.

1. பண்டைய ரோமும் திருச்சபையின் தடையும்

ஐரோப்பாவில் டிசம்பர் மாதம் பகல் மிகக் குறுகிய காலம். ஓக், பீச் முதலிய பெருமரங்கள் இலையுதிர்த்து வெறுமையாய் நிற்கும். அந்நாட்களில் பசுமை மாறாமல் நிற்பவை லாரல், ஹாலி, ஐவி போன்ற சிலவும் ஊசியிலை மரங்களுமே. வாடாத இத்தழைகளை மக்கள் இல்லத்திற்குள் கொணர்ந்ததற்கு இயற்கையே முதற் காரணம் எனலாம். அதனோடு சமயப் பொருளும் விரைவில் இணைந்தது. ரோமர்கள் டிசம்பர் 17-இல் தொடங்கும் சாட்டர்னேலியா விழாவையும், ஜனவரி முதல் நாளாகிய கலெண்ட்ஸ் விழாவையும் விருந்தோடும் பரிசுகளோடும் கொண்டாடினர். அரசரைப் போற்றும் விழாக்களில் வாயில்களில் விளக்கேற்றி லாரல் தழைகளைக் கட்டினர். வாயிலுக்கென்றே தெய்வங்கள் அவர்களுக்கு இருந்தமையால் வாயிலை அணிசெய்வது வழிபாட்டோடு நெருங்கிய தொடர்புடைய செயலாயிற்று.

மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த தெர்த்துல்லியன், விக்கிரக ஆராதனை பற்றிய தமது நூலில் இதனைக் கடுமையாகச் சாடுகிறார். புறவினத்தாரின் வாயில்களைவிடக் கிறிஸ்தவர்களின் வாயில்களிலேயே விளக்குகளும் லாரலும் மிகுதியாகக் காணப்படுகின்றன என்பது அவருடைய மனவேதனை. விசுவாசி தானே ஒளியாகவும் வாடாத மரமாகவும் இருத்தல் வேண்டும். கோவிலைத் துறந்தவன் தன் வாயிலைக் கோவிலாக்குதல் தகாது என்பது அவரது வாதத்தின் சாரம். அவர் எதிர்த்தது தழையை அன்று. அத்தழை அந்நாளில் எத்தெய்வத்திற்கு, எவ்வரசனுக்கு உரிய மரியாதையாக விளங்கியதோ அம்மரியாதையையே எதிர்த்தார் என்பது ஈண்டு கருதத்தக்கது.

ஆறாம் நூற்றாண்டில், இன்றைய போர்ச்சுகல் நாட்டின் வடபகுதியிலுள்ள பிராகாவில் பேராயராயிருந்த மார்ட்டின் தொகுத்த சபைச் சட்டங்களில், கலெண்ட்ஸ் நாட்களில் லாரலாலும் பசுந்தழைகளாலும் வீடுகளைச் சுற்றி அணிசெய்தல் தடை செய்யப்பட்டுள்ளது. தெர்த்துல்லியனுக்குப் பின் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் அதே தடை மீண்டும் தேவைப்பட்டது என்றால், தடையால் மட்டும் அவ்வழக்கம் ஒழியவில்லை என்பது தெளிவு.

2. மகா கிரெகொரியின் வேறு வழி

601-ஆம் ஆண்டில் ரோமாபுரிப் பேராயர் மகா கிரெகொரி இங்கிலாந்து அருட்பணி பற்றி எழுதிய கடிதங்கள் பேதாவின் திருச்சபை வரலாற்றில் இடம்பெற்றுள்ளன. முதலில் கெந்து நாட்டு அரசன் எதல்பெர்த்துக்கு எழுதியபோது கோவில்களை இடித்துவிடும்படி அவர் அறிவுறுத்தினார். சில வாரங்களுக்குள் அருட்பணியாளர் மெல்லித்துவுக்கு எழுதிய கடிதத்தில் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். விக்கிரகங்களை மட்டும் அழித்துக் கோவில்களை ஆலயங்களாக்கலாம். ஆலயப் பிரதிஷ்டை நாட்களில் மக்கள் அவ்வாலயங்களைச் சுற்றி மரக்கிளைகளால் குடில்கள் அமைத்து, கடவுளுக்கு நன்றி கூறி விருந்துண்ணலாம் என்று அவர் அனுமதி தந்தார். மலையின் உச்சிக்கு ஏறுபவன் படிப்படியாகவே ஏற வேண்டும் என்பது அவர் கூறிய காரணம்.

மரக்கிளைக் குடில் திருமறைக்குப் புதியதன்று. லேவியராகமம் 23-ஆம் அதிகாரத்திலும் நெகேமியா 8-ஆம் அதிகாரத்திலும் கடவுளின் மக்கள் தழைகளைக் கொணர்ந்து கூடாரப் பண்டிகை ஆசரித்ததைக் காண்கிறோம். ஏசாயா 60-ஆம் அதிகாரம் லீபனோனின் மரங்கள் கர்த்தருடைய பரிசுத்த ஸ்தலத்தைச் சிங்காரிக்க வருவதைப் பேசுகிறது. எரேமியா 10-ஆம் அதிகாரமோ, தச்சன் செதுக்கிப் பொன்னும் வெள்ளியும் பூசி, அசையாதபடி ஆணியறைந்து நிறுத்திய விக்கிரகத்தைப் பற்றியது. பேச இயலாத, சுமக்கப்பட வேண்டிய தேவனைத் தீர்க்கதரிசி அங்கு எள்ளுகிறார். அப்பகுதியைப் பதினாறாம் நூற்றாண்டில் வழக்கிற்கு வந்த ஓர் அலங்காரத்தின்மேல் ஏற்றுவது திருமறை விளக்கவியலுக்கு ஒவ்வாது.

3. இரண்டு கதைகள்

போனிபாஸ் 723-ஆம் ஆண்டளவில் ஜெர்மனியின் கைஸ்மார் என்னுமிடத்தில் தோனார் தெய்வத்திற்குரிய ஓக் மரத்தை வெட்டி வீழ்த்தினார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய வில்லிபால்டு கூறுகிறார். அம்மரத்தின் பலகைகளால் பேதுரு பெயரில் சிற்றாலயம் ஒன்று கட்டப்பட்டது என்பதும் அந்நூலிலேயே உள்ளது. ஆனால் வீழ்ந்த மரத்தருகே சிறிய ஊசியிலை மரம் நின்றதென்றும், அதனை அவர் கிறிஸ்துவின் மரம் என்று அறிவித்தாரென்றும் அந்நூலில் இல்லை. அது பல நூற்றாண்டுகளுக்குப் பின் சேர்ந்தது. 1897-இல் வெளிவந்த ஹென்றி வான் டைக்கின் கதைநூல் அதனை ஆங்கிலம் பேசும் நாடுகளில் பரப்பியது.

லூத்தர் விண்மீன்களைக் கண்டு வியந்து மரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினார் என்பதற்கும் அவர் காலத்துச் சான்று கிடையாது. லூத்தரின் குடும்பம் ஒளியேற்றிய மரத்தைச் சூழ்ந்திருக்கும் புகழ்பெற்ற படத்தை ஷ்வெர்ட்கெபூர்த் என்னும் ஓவியர் 1843-இல்தான் வெளியிட்டார். நம் சபைகளில் நன்கு அறியப்பட்ட இக்கதைகள் கேட்பதற்கு இனியவையே. ஆயினும் அருளுரை மேடையிலிருந்து இவற்றை வரலாறாகக் கூறுவது, கேட்போரின் நம்பிக்கையைப் பொய்யின்மேல் கட்டுவதாகும். பின்னர் அவர்கள் உண்மையை அறியும்போது, இவற்றோடு சேர்த்து நாம் கூறிய பிறவற்றையும் ஐயுறத் தொடங்குவர்.

4. ஸ்திராஸ்பூர்க் நகரின் சான்று

ஊசியிலை மரம் இல்லத்திற்குள் வந்த வரலாற்றை ரைன் நதிக்கரைப் பகுதியில் ஓரளவு தெளிவாகக் காண இயலுகிறது. செபாஸ்டியன் பிராண்ட் 1494-இல் வெளியிட்ட மூடர்களின் கப்பல் என்னும் நூலில், புத்தாண்டில் வீட்டில் பச்சைக் கிளை செருகுவோரையும் மூடர்களின் வரிசையில் வைக்கிறார். ஸ்திராஸ்பூர்க் பேராலயப் பிரசங்கியார் கைலர் அதே வழக்கத்தைத் தம் அருளுரைகளில் கண்டித்தார். 1521-இல் அருகிலுள்ள ஸ்லெட்ஸ்டாட் நகரின் கணக்கேட்டில், பண்டிகைக் காலத்தில் மரங்களைக் காவல் காத்தவர்களுக்குக் கூலி கொடுத்த பதிவு உள்ளது. 1605-ஆம் ஆண்டைச் சேர்ந்த பயணக் குறிப்பு ஒன்று, ஸ்திராஸ்பூர்க் இல்லங்களில் ஊசியிலை மரங்களை நிறுத்திக் காகித ரோஜாக்கள், ஆப்பிள்கள், மெல்லிய அப்பங்கள், தின்பண்டங்கள் ஆகியவற்றைத் தொங்கவிடுவதைக் கூறுகிறது.

இப்போது ஸ்திராஸ்பூர்க் லுத்தரன் நகரமாகிவிட்டது. அங்கு பேராசிரியராகவும் பிரசங்கியாராகவும் விளங்கிய யோகான் கொன்ராட் தான்ஹவர், பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெளியிட்ட ஞானோபதேச விளக்க நூலில் இம்மரத்தைக் குறிப்பிடுகிறார். இவ்வழக்கம் எங்கிருந்து வந்ததென்று தமக்குத் தெரியவில்லை என்கிறார். இது பிள்ளை விளையாட்டு என்கிறார். பிள்ளைகளை இயேசு கிறிஸ்து என்னும் ஞானக் கேதுருவிடம் நடத்துவதே மேல் என்கிறார். அவர் மரத்தை விக்கிரகம் என்று கூறவில்லை. பெற்றோர் பொம்மையையும் தின்பண்டத்தையும் மரத்தில் தொங்கவிட்டுவிட்டு ஆண்டவரைப் பற்றிப் பேசாமற் போவதே அவர் கண்ட குறை. அவரிடம் பயின்றவர்களில் ஒருவர் பக்திநெறி இயக்கத்தின் தந்தையாகிய ஸ்பேனர். ஸ்பேனரின் வழியில் பிராங்கே ஹாலே நகரில் பணியாற்றினார். அந்த ஹாலேயின் பயிற்சி பெற்ற சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் கரையிறங்கினார். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிக்கும் அக்கறை இவ்வழியாகவே நம் மண்ணை வந்தடைந்தது என்பதை நாம் நன்றியோடு நினைக்கிறோம்.

ரோமரின் லாரலிலிருந்து ஸ்திராஸ்பூர்க் மரம் வரை அறுபடாத சங்கிலி ஒன்று உண்டு என்று கூறுவதற்கு இச்சான்றுகள் இடந்தரவில்லை. இடையில் ஆயிரம் ஆண்டுகள் உள்ளன. குளிர்காலத்தில் பசுமையை நாடுவது மனித இயல்பாதலின், அது வெவ்வேறு காலங்களில் தனித்தனியே தோன்றியிருத்தலும் கூடும்.

5. சட்டத்தால் ஒழிக்க முயன்ற காலம்

இங்கிலாந்தில் பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளின் ஆலயக் கணக்கேடுகளில் ஹாலியும் ஐவியும் வாங்கிய செலவு காணப்படுகிறது. 1598-இல் இலண்டன் மாநகரைப் பற்றி எழுதிய ஜான் ஸ்டோ, இல்லங்களும் ஆலயங்களும் ஒருங்கே பசுந்தழைகளால் அணிசெய்யப்பட்டதைக் கூறுகிறார். தூய்மைவாதிகளின் செல்வாக்கு ஓங்கியபோது, 1647 ஜூன் மாதம் பாராளுமன்றம் கிறிஸ்து பிறப்பு, உயிர்ப்பு, பெந்தெகொஸ்தே ஆகிய பண்டிகைகளை ஒழித்தது. திருமறை கட்டளையிடாத நாளைத் திருநாளாக்குதல் கூடாது என்பது அவர்களுடைய நேர்மையான கொள்கை. குடியும் சூதும் பண்டிகையைக் கெடுத்ததும் உண்மையே. ஆயினும் அவ்வாண்டு டிசம்பர் 25 அன்று காந்தர்பரியில் கடைகளைத் திறக்க வேண்டுமென்ற ஆணையை மக்கள் எதிர்த்துக் கலகம் செய்தனர். அப்போது அவர்கள் வாயில்களில் ஹாலித் தழைகளைக் கட்டினர். தடைக்கு முன் அலங்காரமாயிருந்த தழை, தடைக்குப் பின் அரசியற் கொடியாயிற்று. மறு ஆண்டில் கெந்து நாட்டில் மூண்ட கிளர்ச்சிக்கு இக்கலகமும் ஒரு தூண்டுகோலாயிற்று. அட்லாண்டிக்கைக் கடந்து மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659-இல் பண்டிகை ஆசரிப்போருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதிக்கப்பட்டது. 1681-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது.

6. வீகர்னின் ஒளிவளையம்

ஹாம்பர்க் நகரில் யோகான் ஹின்ரிக் வீகர்ன் என்னும் லுத்தரன் இறையியலார் 1833-இல் வறிய சிறுவர்களுக்காக இல்லம் ஒன்றை நிறுவினார். பண்டிகைக்கு இன்னும் எத்தனை நாள் என்று அப்பிள்ளைகள் ஓயாமல் கேட்டனர். 1839-இல் அவர் மரவளையம் ஒன்றில், ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளையும் பிற நாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளையும் பொருத்தி, நாளுக்கொன்றாக ஏற்றச் செய்தார். ஊசியிலைத் தழைகள் அவ்வளையத்தில் பின்னரே சேர்ந்தன. நம் ஆலயங்கள் பலவற்றில் இன்று நாம் ஏற்றும் திருவருகை வளையத்தின் தொடக்கம் இதுவே. தான்ஹவர் வேண்டியதை வீகர்ன் செய்து காட்டினார் எனலாம். பிள்ளைகளின் ஆசையை அவர் கடிந்துகொள்ளவில்லை. அதனைக் காத்திருத்தலாக மாற்றினார். அவ்வொளி முதலில் விழுந்தது செல்வர் இல்லத்து முன்றிலில் அன்று, ஏழைச் சிறுவரின் முகத்தில்.

7. நாம் கற்பன

ஒரு வழக்கத்தின் தோற்றத்தை மட்டும் கொண்டு அதனைத் தள்ளவும் இயலாது, காக்கவும் இயலாது. தெர்த்துல்லியனின் நாளில் லாரல் அரசனை வணங்கும் அடையாளம். அவர் மறுத்தது சரியே. கிரெகொரியின் நாளில் கிளைக்குடில் நன்றியின் அடையாளம். அவர் அனுமதித்ததும் சரியே. இன்று ஆயர் கேட்க வேண்டியது, இவ்வில்லத்தில் இம்மரம் யாருக்கு மரியாதை செய்கிறது என்பதே. நம் நாட்டில் சவுக்குக் கிளையை நட்டு அணிசெய்யும் இல்லங்கள் உள்ளன. கடையில் வாங்கிய நெகிழி மரத்தை வைப்போரும் உள்ளனர். அண்டை வீட்டாரைவிட உயரமான மரம் வேண்டும் என்று கடன் வாங்கும் குடும்பத்தில் அது மீண்டும் விக்கிரகமாகக் கூடும். அதன் நிழலில் பிள்ளைகளுக்கு லூக்கா 2-ஆம் அதிகாரம் வாசிக்கப்படும் குடும்பத்தில் அது ஞானோபதேசக் கருவியாகும்.

மரம் வைக்காத குடும்பத்தைப் பக்தி குறைந்ததென்றும், வைக்கும் குடும்பத்தைப் புறவினத்தார் வழி சென்றதென்றும் தீர்ப்பிடுதல் ரோமர் 14-ஆம் அதிகாரத்திற்கு மாறானது. நாட்களைக் குறித்து அவனவன் தன் மனதில் நிச்சயித்துக்கொள்ள இடமளித்த அப்போஸ்தலனின் நெறியே இங்கும் பொருந்தும். ஓசியா 14-ஆம் அதிகாரத்தின் இறுதியில் கர்த்தர் தம்மையே பசுமையான தேவதாருவுக்கு ஒப்பிட்டு, இஸ்ரவேலின் கனி தம்மாலேயே உண்டாகிறது என்று உரைக்கிறார். விக்கிரகங்களோடு எனக்கு இனி என்ன என்று எப்பிராயீம் கூறும் அதே வசனத்தில் இவ்வொப்புமையும் அமைந்துள்ளது. விக்கிரகத்தைத் துறத்தலும் பசுமரத்தைக் கண்டு மகிழ்தலும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதை இவ்வாண்டின் திருவருகை அருளுரைகளில் நம் ஆயர்கள் சபைக்கு எடுத்துரைப்பார்களாக.