குறையை யார் கேட்பது?



மணவாளக்குறிச்சி என்றதும் மணல்தான் நினைவுக்கு வரும். திருவிதாங்கூர்க் கரை மணலில் மோனசைட் இருப்பதை 1909இல் ஜெர்மானியரான ஷோம்பர்க் கண்டறிந்தார்; விரைவிலேயே இங்கு மணல் ஆலை வந்தது. இன்று அது பொதுத்துறை ஆலை. கனிமத்தின் வரலாற்றைப் பலரும் எழுதிவிட்டார்கள். வேலை செய்பவரின் முறையீட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் நாம் மறக்கக்கூடாத ஒரு பக்கம் 1938ஆம் ஆண்டு மன்மாடில் எழுதப்பட்டது.

அந்த ஆண்டு பிப்ரவரியில் ஜி.ஐ.பி. ரயில்வேயின் ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் பேசினார். தீண்டப்படாதவர் ஆயுள் முழுவதும் கேங்மேனாகவே கிடக்கிறார். போர்ட்டர் வேலைகூட அவருக்கு இல்லை, ஏனெனில் போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டரின் வீட்டு வேலையையும் செய்ய வேண்டியிருக்கிறது என்று எடுத்துக்காட்டினார். பருத்தி ஆலைகளின் நெசவுப் பிரிவு அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்ததையும் சொன்னார். இந்த அநீதியில் முதலாளி மட்டுமல்ல, உடன் உழைத்த சாதி இந்துவும் பங்காளி. தொழிலாளர் தலைவர்கள் இதைப் பேசாமல் விட்டதை அவர் கண்டித்தார். நிர்வாகமும் கேட்காத, சங்கமும் கேட்காத குறை அது.

பிறகு சட்டங்கள் வந்தன. 1947 தொழில் தகராறுகள் சட்டம், 100 தொழிலாளருக்குக் குறையாத நிறுவனங்களில் இருதரப்புப் பணிக்குழுவுக்கு வழிசெய்தது. 2010 திருத்தம், 20 பேருக்குக் குறையாத இடங்களில் குறைதீர் குழுவைக் கட்டாயமாக்கியது: அதிகபட்சம் 6 உறுப்பினர்கள், இருதரப்புக்கும் சம இடம், ஆண்டுக்கு ஒருமுறை மாறும் தலைமை, விசாரணையை முடிக்க 45 நாள். 2020 தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு உறுப்பினர் எண்ணிக்கையை 10 வரை உயர்த்தியது. குழுவில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்பதை இவ்விரு சட்டங்களும் சொல்கின்றன. பட்டியல் சாதியினரின் இடம் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

தொழிலாளர் தரப்பு என்பது ஒரே தரப்பு என்று சட்டம் எண்ணுகிறது. மன்மாடு பேச்சு மறுத்தது அந்த எண்ணத்தைத்தான். பதவி உயர்வு மறுப்பு, துப்புரவு வேலையை ஒரே சாதியின் தலையில் கட்டுவது, தண்ணீர்ப் பானையில் காட்டும் பேதம் போன்ற குறைகளை, அவற்றைச் செய்தவரே குழுவில் உட்கார்ந்து விசாரித்தால் என்ன கிடைக்கும்?

ஆகவே, குறையை எழுத்தில் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். உங்கள் சங்கம் குழுவுக்கு அனுப்பும் பெயர்களில் நம்மவர் பெயரும் இருக்க வேண்டுமென்று சங்கக் கூட்டத்திலேயே கேளுங்கள். அங்கும் கதவு திறக்காவிட்டால், அரசமைப்பின் 338ஆம் பிரிவின்கீழ் இயங்கும் தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையம் இருக்கிறது. விசாரணைக்கு ஆளை வரவழைக்கவும் ஆவணத்தைக் கேட்டு வாங்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அதற்கு உண்டு.