எண்குடி வீடும் ஊர்க் காணியும்

சுமத்திரா என்றவுடன் தமிழர் நெஞ்சில் எழுவன ஸ்ரீவிசயப் பேரரசும், 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் அனுப்பிய கடற்படையுமே. சங்க மலர்களில் அவற்றைப் பற்றிய கட்டுரைகளுக்குக் குறைவில்லை. ஆயினும் கப்பல் வந்து நின்ற கரையோடு நம் ஆர்வமும் நின்றுவிடுகிறது. கரைக்கு அப்பால், மலைமீது, காடு திருத்திக் கழனி கண்டு, அந்தக் காணியை யார் ஆள்வது, யாருக்கு விடுவது என்று தமக்குள் முறை வகுத்துக்கொண்டு வாழ்ந்த உழவர்களை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வாறு எண்ணிப் பார்க்கத் தக்கவர்கள் காரோ மக்கள். அவர்தம் ஊர்களில் வீடும் நிலமும் ஆளப்பட்ட முறையை ஈண்டுக் காண்போம். பிறந்த ஊரை விட்டுப் பிறிதொரு மாநிலத்தில் குடியேறி, ஊரில் விட்டுவந்த ஒரு துண்டு நிலத்தை நினைவில் சுமந்துகொண்டிருக்கும் நம் போன்றார்க்கு அது முற்றிலும் அயலார் கதையாகத் தோன்றாது.

வட சுமத்திராவின் தலைநகராகிய மேடானிலிருந்து தெற்கு நோக்கி மலையேறினால், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,200 முதல் 1,400 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டுநிலம் விரிகிறது. சிபயாக், சினாபுங் என்னும் இரண்டு எரிமலைகள் அதற்கு எல்லைக் காவல்போல் நிற்கின்றன. தெற்கே தோபா ஏரி. எரிமலைச் சாம்பல் விழுந்து விழுந்து வளம் பெற்ற கருமண். பெராஸ்தாகி, கபாஞ்சாஹே ஆகிய இரண்டு நகரங்களை நீக்கினால் எஞ்சியவை பெரும்பாலும் உழவர் ஊர்களே. ஊருக்குக் காரோ மொழியில் 'கூத்தா' என்று பெயர். புன்செய்க்கு 'ஜூமா', நீர் பாயும் நெல்வயலுக்கு 'சாபா'.

இவ்வூர்களின் பழைய வீட்டை அறிந்தால் உடைமை முறையில் பாதியை அறிந்தவராவோம். 'எண்குடி வீடு' என்று நாம் தமிழில் சொல்லத்தக்க பெருமனை அது. கல்லின்மேல் நிறுத்திய பருமரத் தூண்கள். அவற்றின்மேல் ஆளுயரத் தளம். கரிய பனைநார் வேய்ந்த செங்குத்தான கூரை. கூரையின் இரு நுனியிலும் எருமைக் கொம்புகள். இரும்பாணி ஒன்றுகூட இல்லை. மரத்தோடு மரம் பொருத்தியும், சாய்வான சுவர்ப் பலகைகளை நார்க்கயிற்றால் தைத்தும் கட்டினார்கள். அந்தத் தையலே பல்லி வடிவில் அமைந்து வீட்டுக்குக் காப்பாகவும் கருதப்பட்டது. உள்ளே நடுவில் நீண்ட நடைவழி. அதன் இரு மருங்கிலும் எட்டுக் குடும்பங்கள். குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் இடையே சுவர் கிடையாது. இரவில் பாயோ துணியோ தொங்கவிட்டால் அதுவே அறை. அடுப்புகள் நான்கே. இரண்டு குடும்பங்களுக்கு ஓர் அடுப்பு. கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்து பார்த்தவர்கள் எவரும், இரு வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக ஓரடுப்பில் பொங்கியுண்டார்கள் என்பதை எளிதில் நம்பமாட்டார்கள்! ஆனால் அதுதான் நடைமுறை. அந்த அடுப்புப் புகையே கூரை நாரைப் பூச்சி அரிக்காமல் காத்தது. மணமாகாத இளைஞர்கள் அங்கு உறங்குவதில்லை. ஊர் நடுவில் தூண்களின்மேல் எழுப்பிய நெற்களஞ்சியத்தின் கீழ்த்தளமே அவர்களுக்குப் படுக்கையிடம்.

எட்டுக் குடும்பங்களும் விரும்பிய இடத்தில் இருக்கவில்லை என்பதே இங்கு முதன்மையான செய்தி. வீட்டின் மரங்களை அடிமரம் ஒரு பக்கமும் நுனிமரம் மறுபக்கமுமாக வைத்துக் கட்டுவர். அடிமரப் பக்கத்து முதல் இடம் வீட்டுத் தலைவனுடையது. அவன் ஊர் கண்ட குலத்தைச் சேர்ந்தவன். நுனிமரப் பக்கத்து இடம் அவன் குலத்தில் பெண் எடுத்தவனுடையது. மற்ற இடங்களும் உறவின்படியே அமையும். ஒருவர் எந்த அடுப்பருகே அமர்ந்திருக்கிறார் என்று பார்த்தே அவர் இன்ன உறவு என்று சொல்லிவிடலாம்.

இனி நிலத்துக்கு வருவோம். முதலில் காட்டைத் திருத்தி ஊர் கண்டவர் எவரோ அவர்தம் குலத்தாருக்கே ஊர்க் காணியில் முதல் உரிமை. அவர்களைச் 'சிமாந்தெக் கூத்தா' என்பர். ஆயினும் ஒரு குலத்தார் மட்டும் தனியே சென்று ஊர் காண இயலாது. அவர்களுக்குப் பெண் கொடுத்தவரும், அவர்களிடம் பெண் எடுத்தவரும் உடன் இருந்தால்தான் அது ஊர். பெண் கொடுத்தவர் 'கலிம்புபு', பெண் எடுத்தவர் 'அனாக் பெரு', பங்காளிகள் 'செனினா'. நம் ஊர்ப் பேச்சில் சொல்வதாயின், பங்காளியும் கொண்டான் கொடுத்தானும் கூடினால்தான் அவை நிறையும்.

இம்மூவருள் கலிம்புபுவுக்கே உயர்ந்த மதிப்பு. கண்ணால் காணும் தெய்வம் என்றே அவரைப் போற்றுவர். அனாக் பெருவுக்கோ பணி மிகுதி. திருமணமாயினும் இழவாயினும் சமைப்பவர் அவர், பரிமாறுபவர் அவர், இரு தரப்புக்கும் இடையே நின்று பேசி முடிப்பவரும் அவரே. நிலத்தைப் பிரிப்பதோ, அடகு வைப்பதோ, வழக்குத் தீர்ப்பதோ எதுவாயினும் மூவரும் அமர்ந்து பேசாமல் முடியாது. அந்தக் கூட்டத்துக்கு 'ருங்குன்' என்று பெயர். வெளியிலிருந்து வந்து குடியேறுபவர் பெரும்பாலும் பெண் எடுத்த உறவைப் பற்றிக்கொண்டே வருவார். அவருக்கு உழுதுண்ண நிலம் கிடைக்கும், ஆனால் அதை விற்கும் உரிமை கிடைக்காது. அவர் ஊரை விட்டுப் போனால் நிலம் ஊர் கண்டாரிடம் திரும்பும். பத்திரமும் இல்லை, பட்டாவும் இல்லை, உறவே சான்று. இதை எளிமையான பொதுவுடைமை என்று புகழ்வாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. உயர்வும் தாழ்வும் அதில் தெளிவாகவே இருந்தன. ஆனால் ஒரு குலத்துக்குக் கொடுத்தவனாக உயர்ந்து நின்றவன், மற்றொரு குலத்தில் எடுத்தவனாகப் பணிந்து நின்றான். எவனும் எங்கும் தலைவனாகவே இருந்துவிட முடியவில்லை.

காரோ இளைஞனுக்கு மாமன் மகளே முறைப்பெண். தாயின் உடன்பிறந்தானை அவர்கள் 'மாமா' என்றும், அவர் மனைவியை 'மாமி' என்றும் அழைப்பதைக் கேட்டால் நமக்கு வியப்பு மேலிடும். ஆனால் அத்தை மகளை அங்கு மணக்கலாகாது. பெண் கொடுத்த இடத்துக்கு மீண்டும் கொடுக்கலாமேயன்றி, அவரிடமே பெண் எடுத்தால் கொடுத்தவர் யார், எடுத்தவர் யார் என்ற ஒழுங்கே குலைந்துவிடும். நம்மவர் இரண்டு பக்கமும் முறை சொல்வர். அவர்கள் ஒரு பக்கம் மட்டுமே சொல்வர். ஆகவே ஒரு சொல்லின் ஒலியை மட்டும் கொண்டு உறவு கொண்டாடிவிடக் கூடாது.

ஆயினும் தமிழரோடு தொடர்பு அறவே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. காரோ மக்கள் ஐந்து பெருங்குலத்தார்: காரோ-காரோ, கிந்திங், செம்பிரிங், தாரிகான், பெராங்கின்-ஆங்கின். இவற்றுள் செம்பிரிங் என்பது கறுப்பு என்னும் பொருளுடைய சொல்லினின்று வந்தது. அக்குலத்தின் கிளைப் பெயர்களைக் கேளுங்கள்: சோலியா, பாண்டியா, மெலியாலா, பெலாவி, பிரமானா, கெலிங். சோழியர், பாண்டியர், மலையாளர், பல்லவர் என்று நம் செவி தானே திருத்திக்கொள்கிறது. இவருள் சில கிளையார் இறந்தாரை எரித்து, சாம்பலைச் சிறு படகுகளில் இட்டு லாவு பியாங் ஆற்றில் கடல் நோக்கி விடும் வழக்கம் உடையவராய் இருந்தனர். செபெராயா என்னும் ஊர் அந்தச் சடங்குக்குப் பெயர் பெற்றது.

மலைமேல் இப்பெயர்கள் ஏறிய வழியை ஊகிக்கக் கடற்கரைச் சான்றுகள் துணை செய்கின்றன. கற்பூரத்துக்குப் பெயர் பெற்ற மேலைக்கரைத் துறையாகிய பாருசுக்கு அருகே லோபு துவா என்னும் இடத்தில், சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அங்கே கூடி முடிவு செய்ததை அது கூறுகிறது. நீலகண்ட சாஸ்திரியார் 1932இல் அதைப் பற்றி எழுதினார்; எ. சுப்பராயலு பின்னர் அதை மீண்டும் படித்து வெளியிட்டார். கீழைக்கரையில் மேடானுக்கு அருகில் உள்ள கோத்தா சீனா என்ற பழந்துறையில் சோழர் பாணித் திருமேனிகள் கிடைத்துள்ளன. கடற்கரை உப்பைத் தோளில் காவி மலையேற்றிய காரோ சுமைகாரர்களின் ஒற்றையடிப் பாதைகள் அண்மைக் காலம்வரை வழங்கின. உப்பு ஏறிய வழியே சில குடும்பங்களும் ஏறியிருக்கலாம். அவர்கள் அங்கே பெண் எடுத்தனர்; எடுத்ததனால் அனாக் பெரு ஆயினர்; அதனால் நிலம் பெற்றனர்; பிறகு முற்றும் காரோ மக்களாகவே ஆகிவிட்டனர் என்பது நம் கருத்து. மொழி போயிற்று, பெயர் நின்றது.

உழவு வேலையைப் பற்றிச் சிறிது. இளைஞரும் இளம்பெண்களும் 'ஆரோன்' என்னும் குழுக்களாகச் சேர்ந்து, இன்று ஒருவர் நிலம், நாளை மற்றொருவர் நிலம் என்று முறைவைத்து உழைத்தனர். கூலி கிடையாது, உழைப்புக்கு உழைப்பே ஈடு. காய்கறிப் பயிர் சந்தைக்குச் செல்லத் தொடங்கியபின் அதே சொல் கூலியாட்களைக் குறிக்கலாயிற்று. ஒரு சொல்லின் பொருள் மாறியதில் ஒரு நூற்றாண்டின் வரலாறு அடங்கிவிட்டது.

வயலில் மிகுதியாக உழைத்தவர்கள் பெண்களே. அந்தப் பெண்களுக்கு அந்த வயலில் பங்கில்லை என்பதுதான் இம்முறையின் முள். காணி தந்தையிடமிருந்து மைந்தருக்கே செல்லும். மகள் வேறு குலத்தில் புகுபவள். அவளுக்குப் பங்கு கொடுத்தால் ஊர் கண்டார் நிலம் பிற குலத்தார் கைக்குப் போய்விடும் என்பது அவர்கள் வாதம். அன்பினால் தந்தை ஒரு துண்டு நிலத்தை உழுதுண்ண விடலாம். அது கொடையேயன்றி உரிமையன்று. ஆண்மகவு இல்லாதவன் இறந்தால் அவன் நிலம் உடன்பிறந்தாரைச் சேரும். மைந்தன் இல்லாத கைம்பெண் கணவன் நிலத்தில் வாழ்ந்துகொள்ளலாம்; அல்லது கணவனின் தம்பியை மணக்கலாம். பெண்ணைக் கொடுத்ததனாலேயே ஒரு குலம் தெய்வமாகப் போற்றப்பட்டது. போற்றுதற்குக் காரணமான அப்பெண்ணின் கையில் ஒரு பிடி மண் இல்லை. நம் நாட்டு வரலாற்றை அறிந்த எவரும் இதைக் கண்டு அவர்களை இகழ வாயெடுக்கமாட்டார்கள்.

1904இல் டச்சுக்காரர் படை மேட்டுநிலத்தைக் கைப்பற்றியது. மேடானுக்குச் சாலை வந்தது. உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் வந்தன. நிலத்துக்கு விலை வந்தது. எண்குடி வீட்டின் அழிவு விடுதலைப் போரோடு விரைந்தது. 1947இல் டச்சுப் படை மீண்டும் முன்னேறியபோது, பகைவனுக்குத் தங்க இடம் விடலாகாது என்று காரோ மக்கள் தம் ஊர்களுக்குத் தாமே தீ வைத்துவிட்டு வெளியேறினர். ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள் எரிந்தன என்பர். பனைநார்க் கூரைக்குத் தீ வைப்பது எத்துணை எளிது! திரும்பி வந்தவர்கள் ஆளுக்கொரு சிறு வீடாகக் கட்டிக்கொண்டனர். லிங்கா போன்ற சில ஊர்களில் மட்டும் ஓரிரு பெருமனைகள் இன்றும் நிற்கின்றன.

விடுதலைக்குப் பின் 1960இல் இந்தோனேசிய அரசு அடிப்படை நிலச் சட்டத்தை இயற்றி, மரபு வழக்கையே நிலச் சட்டத்துக்கு அடித்தளம் என்று அறிவித்தது. மறு ஆண்டே அந்த மரபு வழக்கின் மீது ஒரு பேரிடி விழுந்தது. காரோ நிலம் பற்றிய வழக்கொன்று கீழ் நீதிமன்றங்களைக் கடந்து உச்சநீதிமன்றத்தை அடைந்தது. அப்போது தலைமை நீதிபதி விர்ஜோனோ புரோஜோதிகோரோ. மனிதநேயம், பொதுநீதி, ஆண் பெண் சமத்துவம் ஆகியவற்றை எடுத்துக்காட்டி, மகளுக்கும் மைந்தனுக்கும் தந்தையின் சொத்தில் ஒத்த பங்கு உண்டு என்று 1961இல் அந்த மன்றம் தீர்ப்பளித்தது. இது நாடு முழுவதும் வாழும் சட்டம் என்றும் கூறியது. அன்று காரோ ஊர்களில் வாழ்ந்திருந்த சட்டம் அதுவன்று என்பதை நீதிபதிகளும் அறிந்தே இருந்திருப்பர். இருப்பதைச் சொல்வதுபோல் இருக்க வேண்டியதைச் சொன்னார்கள்! பிறப்பால் வரும் கூட்டுக் குடும்பச் சொத்துரிமையைத் தமிழ்நாடு தன் பெண்மக்களுக்கு வழங்கியது 1989இல். இந்தியா முழுமைக்கும் அது வந்தது 2005இல். அதனோடு ஒப்பிட்டால் 1961 எத்துணை முந்தியது என்பது விளங்கும்.

தீர்ப்பு வந்த மறுநாளே ஊர் மாறிவிடவில்லை. உடன்பிறந்தான்மீது வழக்குத் தொடுத்த பெண் நிலத்தை வெல்லலாம். ஆனால் தன் மைந்தனுக்கு வாழ்த்துக் கூற வேண்டிய மாமனை இழப்பாள். கலிம்புபுவைப் பகைத்துக்கொண்டு ஒரு திருமணத்தையும் முறைப்படி நடத்த இயலாது. எனவே பல குடும்பங்கள் ருங்குன் கூட்டத்திலேயே பேசி, மகளுக்கு ஒரு பகுதியைக் கொடை என்ற பெயரால் கொடுத்து அமைந்தன. உரிமையைக் கொடை என்று சொல்லி வாங்கிக்கொள்வதில் உள்ள கசப்பை நம் பெண்களும் அறிவார்கள்.

சட்டத்தால் ஆகாததை மலை செய்தது. ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் உறங்கிய சினாபுங் 2010 ஆகத்து மாதம் விழித்தது. 2013இல் மீண்டும் சீறிய அம்மலை பல ஆண்டுகள் ஓயவில்லை. 2014 பிப்ரவரி முதல் நாள் சுகமெரியா என்னும் ஊரில் நெருப்பு மேகம் இறங்கிப் பலர் மாண்டனர். சுகமெரியா, பெகெரா, சிமாச்செம் ஆகிய மூன்று ஊர்களையும் அரசு நிலையாகக் காலி செய்வித்து, சியோசார் என்னும் காட்டுப் பகுதியில் புதுக் குடியிருப்பு அமைத்துக் கொடுத்தது. மக்கள் வெளியேற்றப்பட்ட பிற ஊர்களுள் குருக்கினாயானும் ஒன்று. செம்பிரிங் குலத்தின் ஒரு கிளைக்கும் அதே பெயர்.

சியோசாரில் வீடுகள் வரிசையாக, ஒரே அளவாக, குடும்பத்துக்கு ஒன்றாக நிற்கின்றன. அடிமரப் பக்கம், நுனிமரப் பக்கம் என்பது அவற்றில் இல்லை. விளைநிலமும் குடும்பக் கணக்கில் அளந்து தரப்பட்டது. அங்கே காடு திருத்தி ஊர் கண்ட குலம் எதுவும் இல்லை, அரசே ஊர் கண்டது. ஆனால் அங்கு வாழும் குடும்பங்களின் திருமணங்களில் இன்றும் பெண் கொடுத்தவர் பாயில் அமர்ந்திருக்க, பெண் எடுத்தவர் அடுப்படியில் நின்று சமைக்கிறார்.