தொப்பி ஊசியும் காலுறைப் பட்டியும்

பல்வலிக்காரர்கள் எல்லோருக்கும் ஓர் அனுபவம் உண்டு. இரவெல்லாம் உயிரை வாங்கிய பல், காலையில் வைத்தியர் வீட்டுப் படியில் கால் வைத்ததும் பரம சாதுவாகிவிடும். "எங்கே வலிக்கிறது?" என்று அவர் கேட்கும்போது நாம் திருதிருவென்று விழிப்போம். நாம் பொய்யர், பல் யோக்கியன்.

பழைய மோட்டார் எஞ்சினுக்கும் இந்தக் குணம் உண்டு. ஓடிக்கொண்டே இருக்கையில் திடீரென்று ஒரு விக்கல். சற்று நேரம் ஒழுங்கு. மறுபடியும் இரண்டு விக்கல். நம் ஊர்ப் பட்டறைகளில் இதை 'மிஸ்ஸிங்' என்பார்கள். அடியோடு நின்றுபோன எஞ்சினைப் பழுது பார்ப்பது சுலபம். வந்து வந்து போகிற கோளாறு இருக்கிறதே, அது மனிதர்களுக்குள் விரோதத்தை உண்டாக்கிவிடும். என் சிநேகிதர் வீட்டில் அதுதான் நடந்தது.

அவருடைய தகப்பனாருக்கு எண்பத்தொரு வயது. அவரிடம் இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் அதை ஓட்டிவிட்டு வருவதுதான் அவருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே உல்லாசம். ஒரு நாள் திரும்பி வந்து, "வண்டி விக்குதுடா" என்றார். பிள்ளை எடுத்துக்கொண்டு போய் நாலு மைல் பறந்துவிட்டு வந்தார். விக்கல் இல்லை. ஸ்பார்க் பிளக்கை மாற்றினார்கள், காயிலை மாற்றினார்கள், பெட்ரோல் பம்பைக் கழற்றி மாட்டினார்கள். பட்டறையில் எஞ்சின் பாட்டுப் பாடியது. மறு ஞாயிறு பெரியவர், "இன்னும் விக்குது" என்றார். மூன்றாவது மாதம் என் சிநேகிதர் என்னிடம் தணிந்த குரலில், "கோளாறு வண்டியில் இல்லை, அப்பாவிடம்தான். கண்ணும் காலும் தளர்ந்துவிட்டன. வண்டியை விற்றுவிடப் போகிறேன்" என்றார். பெரியவர் உள்ளே கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழுந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அன்றிரவு எனக்கு பெர்த்தா பென்ஸ் அம்மாளின் ஞாபகம் வந்தது.

1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். ஜெர்மனியில் மன்ஹைம் நகரில் கார்ல் பென்ஸ் என்பவர் மூன்று சக்கர மோட்டார் வண்டி ஒன்றைச் செய்து, அதற்கு 1886-லேயே காப்புரிமையும் வாங்கி வைத்திருந்தார். வாங்கத்தான் ஆள் இல்லை. ஒரு நாள் விடியற்காலையில் அவர் மனைவி கணவரிடம் சொல்லாமல், பதினைந்தும் பதின்மூன்றும் வயதான இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். போக வேண்டிய இடம் தாயார் வீடு இருந்த போர்ட்ஸ்ஹைம். தூரம் நூறு கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். அவ்வளவு தூரம் அதற்குமுன் எந்த மோட்டார் வண்டியும் போனதில்லை. கல்யாணத்துக்கு முன்பே தம்முடைய சீதனப் பணத்தைக் கணவரின் தொழிலில் போட்டவர் அந்த அம்மாள். வண்டி நடுவழியில் படுத்துவிட்டால் ஊர் சிரிக்கும் என்பது மட்டுமல்ல, குடும்பமே படுத்துவிடும்.

வழியில் எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் துணியின் கறை போக்க விற்கும் திராவகத்தை வாங்கி ஊற்றினார்கள். சங்கிலி தொய்ந்தது, கொல்லர் சரி செய்தார். ஆனால் என் மனத்தில் நிற்பவை இரண்டு. எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது அம்மாள் தம் தொப்பியில் செருகியிருந்த நீண்ட ஊசியை உருவிக் குத்தி அடைப்பை எடுத்தார். தீப்பொறிக்கு மின்சாரம் கொண்டுபோகும் கம்பியின் மேலுறை தேய்ந்துபோனபோது, காலுறையைக் கட்டும் பட்டியை அவிழ்த்து அதைச் சுற்றினார். எஞ்சின் விக்குவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணந்தான்: எரிபொருள் சரியாக வரவில்லை, அல்லது பொறி சரியாக விழவில்லை. ஒன்றுக்கு ஊசி, ஒன்றுக்குப் பட்டி. அதற்குப் பிறகு வந்த பட்டறைக்காரர்கள் எல்லோரும் அந்த அம்மாளின் சிஷ்யர்களே.

இரண்டில் பொறிதான் அதிகம் படுத்தியது. 1860-இல் பாரிஸில் லெனுவார் செய்த வாயு எஞ்சினிலேயே மின்பொறி இருந்தது. ஆனாலும் அதை நம்ப முடியாமல் பலர் நெருப்பையே நாடினார்கள். 1876-இல் வந்த ஆட்டோவின் நான்கடி எஞ்சினில் சிறு சுடர் ஒன்று உள்ளே எட்டிப் பார்த்துப் பற்றவைத்தது. டெய்ம்லரின் எஞ்சினில் சிறு குழாய் ஒன்றை வெளியிலிருந்து விளக்கால் பழுக்கக் காய்ச்சினார்கள். பெட்ரோலுக்குப் பக்கத்தில் எரியும் விளக்கு! பலமாகக் காற்றடித்தால் விளக்கு அணைந்து வண்டி நின்றுவிடும். பென்ஸோ ஆரம்பத்திலிருந்தே மின்சாரத்தைப் பிடித்துக்கொண்டார்.

காயிலின் சூட்சுமம் வேடிக்கையானது. ஓடும் தண்ணீர்க் குழாயைச் சட்டென்று மூடினால் குழாய் முழுதும் அதிருகிறதல்லவா? அதுபோல, கம்பிச் சுருளில் ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று அறுத்தால், மேலே சுற்றிய மெல்லிய சுருளில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பிப் பொறியாகப் பாயும். அறுக்கிற இடத்தில் முனைகள் கருகாமல் காக்க ஒரு கண்டென்சரை வைக்கலாம் என்று ஃபிஸோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1853-இல் கண்டார். ஆக, பொறி பிறப்பது மின்சாரம் ஓடுவதால் அல்ல, அறுவதால். கல்லூரியில் பாதியில் நின்றுபோன என் பௌதிகத்துக்கு இது எட்டவே பல வருஷமாயிற்று.

ராபர்ட் பாஷின் பட்டறையில் ஹோனோல்ட் என்பவர் 1902-இல் பாட்டரியே வேண்டாத உயர் அழுத்த மாக்னெட்டோவைச் செய்து முடித்தார். அமெரிக்காவில் டேட்டன் நகரில் கெட்டரிங் என்பவர், 1910-ஐ ஒட்டி, பாட்டரி, காயில், பாயிண்ட், கண்டென்சர், டிஸ்டிரிபியூட்டர் என்ற குடும்பத்தைக் காடிலாக் காருக்காக ஒன்று சேர்த்தார். அடுத்த அறுபது வருஷம் உலகம் அதில்தான் ஓடியது. நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றுச் சுற்றினால் ஆறாயிரம் பொறி வேண்டும், விநாடிக்கு நூறு. இவ்வளவையும் கொடுக்கிற பாயிண்ட் திறப்பது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு! விக்கல் வருவது ஆச்சரியமில்லை, வராமலிருப்பதே ஆச்சரியம்.

ஃபோர்டின் 'மாடல் டி' வண்டியில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் காயில் மரப்பெட்டியில் இருந்து கொண்டு வண்டு போல் ரீங்காரமிடும். விக்கல் வந்தால் ஒவ்வொன்றின் அதிர்தகட்டையும் விரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். எதை அமுக்கியும் எஞ்சின் மாறவில்லையோ, அதுதான் குற்றவாளி. வேலை செய்கிறவனை நிறுத்தினால் வித்தியாசம் தெரியும். சும்மா இருக்கிறவனை நிறுத்தினால் தெரியாது. சில காரியாலயங்களிலும் இதைச் செய்து பார்க்கலாம்.

எந்த நேரத்தில் விக்குகிறது என்று கேட்பதன் அருமை ஆகாயத்தில் வெளிப்பட்டது. 1940-இல் ஸ்பிட்ஃபயர் விமானங்களின் எஞ்சின், மூக்கைத் திடீரென்று கீழே குத்தினால் இருமி அடங்கிவிடும். ஜெர்மன் விமானங்களில் எரிபொருளைப் பீச்சும் ஏற்பாடு இருந்தபடியால் அவை குப்புறப் பாய்ந்து தப்பிவிடும். தரையில் நிறுத்தி எத்தனை நாள் ஓட்டினாலும் இந்தக் கோளாறு தலைகாட்டாது. ஃபார்ன்பரோவிலிருந்த அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தில் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் என்ஜினியர் இதை ஆராய்ந்தார். மோட்டார் சைக்கிளில் மணிக்கு நூறு மைலுக்கு மேல் பந்தயம் ஓட்டித் தங்க நட்சத்திரம் வாங்கியவர். போருக்குப் பின் கணவரோடு காரிலும் பந்தயம் ஓட்டியவர். மூக்குக் கவிழும்போது கார்புரேட்டருக்குள் எரிபொருள் இடம் மாறி, உடனே மிதமிஞ்சிப் பெருகி எஞ்சினை மூழ்கடிப்பதே காரணம். எஞ்சினுக்கு அதிகபட்சம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் போகும்படி, துளையிட்ட சிறு உலோகத் தகடு ஒன்றைக் குழாயில் வைத்தார். 1941 தொடக்கத்தில் அதை விமானப்படைத் தளங்களுக்கே கொண்டுபோய்ப் பொருத்தினார்கள். பூரணமான மருந்தல்ல, உயிர்களைக் காப்பாற்ற அது போதுமாயிருந்தது.

இதையெல்லாம் சிநேகிதரிடம் சொல்லி, விற்பதை ஒரு வாரம் தள்ளிப்போடச் செய்தேன். புதுப்பேட்டைப் பக்கம் ஒரு பழைய மெக்கானிக் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் 'பாய்'. அவர் முதலில் பானெட்டைத் திறக்கவில்லை.

"யாரு சார் விக்குதுன்னு சொன்னது?"

"எங்க அப்பா."

"அவரைக் கூட்டிட்டு வாங்க."

பெரியவர் வந்தார். பாய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "சொல்லுங்க ஐயா, எப்போ விக்குது?" என்றார். மூன்று மாதத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

"சமதரையிலே, காலை லேசா வச்சு நாற்பது மைல்லே நிதானமா போறப்போ. பாலம் ஏற அழுத்தினா சரியாயிடுது. காலை எடுத்தாலும் சரியாயிடுது."

பாய்க்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. பெட்ரோல் தட்டுப்பாடு என்றால் ஏற்றத்தில்தான் தெரியும். காயில் பலவீனமானாலும் அப்படியே. லேசாகக் கால் வைத்து ஓடும்போது மட்டும் அசைவது எது? டிஸ்டிரிபியூட்டருக்குள் பாயிண்டைத் தாங்கும் தட்டு. எஞ்சின் இழுக்கும் காற்றின் உறிஞ்சலில் அது சற்றே திரும்பிப் பொறியை முன்கூட்டி விழச் செய்யும். அழுத்தி ஓட்டினால் உறிஞ்சல் குறைந்து தட்டு பழைய இடத்துக்கு வந்துவிடும். பிள்ளை எப்போதும் அழுத்தி ஓட்டுகிறவர்.

பாய் எஞ்சினைக் கையால் திருப்பிப் பாயிண்ட் மூடியிருக்கும்படி வைத்தார். கம்பியில் ஒரு சின்ன பல்பைக் கோத்தார், எரிந்தது. பிறகு உறிஞ்சு குழாயின் முனையை வாயில் வைத்து இழுத்தார். தட்டு நகர்ந்தது. பல்பு அணைந்தது. விட்டார், எரிந்தது.

"டெல்கோ சார்" என்றார். கெட்டரிங் ஆரம்பித்த கம்பெனியின் பெயரைத்தான் அவர் டிஸ்டிரிபியூட்டருக்கு வைத்திருந்தார். உள்ளே ஒரு விரல் நீளங்கூட இல்லாத துணியுறைக் கம்பி. மேலே உறை பளிச்சென்று இருந்தது. உள்ளே இழைகள் அற்று, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தன. அந்தக் கம்பியை ஒருவரும் மாற்றவில்லை. பார்ப்பதற்குப் புதிதாக இருந்ததே!

பாய் வேறு நெகிழ்வான கம்பி வைத்துப் பற்றவைத்தார். அவர் கேட்ட கூலியைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். என் சிநேகிதர் அதைப்போல் மூன்று பங்கு கொடுத்தார். தகப்பனாரிடம் ஒன்றும் பேசவில்லை. சாவியை மட்டும் நீட்டினார்.

அடுத்த ஞாயிறு கடற்கரைச் சாலையில் பெரியவர் ஓட்ட, பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வண்டியில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. நான் டீக்கடை வாசலில் நின்றுகொண்டு, அந்தச் சத்தம் தேய்ந்து மறையும்வரை காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். முள் நாற்பது மைலைத் தாண்டவேயில்லையாம். திரும்பி வந்ததும் சிநேகிதர் குறைப்பட்டுக்கொண்டார்.