ஏலமலைச் சரிவில் நடை இழந்த நாய்களின் மீட்சி

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு செல்லும் சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டைத் தொடுகிறது. அதற்கு அப்பால் பூப்பாறையையும் தாண்டி, நிழல் மரங்களுக்குக் கீழே ஏலத் தோட்டங்கள் விரிகின்றன. போடிக்குத் தெற்கே அதே மலையின் அடிவாரத்தில் இருக்கும் கோம்பை, தன் பெயரைத் தாங்கிய நாட்டு நாயினத்துக்குத் தாயகம். பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பெயர்பெற்ற இனம் அது. இத்தகைய மலைப்பகுதியில் நாய்க்கு நேரும் பெருங்காயங்கள் ஒரே வகையானவை அல்ல. வளைவில் ஜீப் மோதலாம். காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் கால் மாட்டலாம். பன்றியின் கொம்போ சிறுத்தையின் பல்லோ கிழித்துவிடலாம். பிழைத்து எழுந்த நாயைப் பார்த்து ‘என்ன வைராக்கியம்’ என்று வியப்பது இயல்பே. ஆனால் அந்த வியப்பு மீட்சியை நாயின் மனத்துக்குள் மட்டும் தேட வைக்கிறது. காயம் எங்கே பட்டது, நாய் நடக்கவேண்டிய தரை எப்படிப்பட்டது, பக்கத்தில் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்ற மூன்றும்தான் மீட்சியைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

முதலில் காலை எடுத்துக்கொள்வோம். நிற்கும் நாயின் எடையில் சுமார் 60 விழுக்காட்டை முன்னங்கால்களும் 40 விழுக்காட்டைப் பின்னங்கால்களும் தாங்குகின்றன. அதனால் பின்னங்கால் ஒன்றை இழப்பதைவிட முன்னங்கால் ஒன்றை இழப்பது பெரிய சோதனை. ஆயினும் இரண்டையும் பெரும்பாலான நாய்கள் சமாளித்துவிடுகின்றன. கால் அகற்றப்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் நெதர்லாந்து ஆய்வாளர்கள் விசாரித்து 1999இல் வெளியிட்ட ஆய்விலும், பெரும்பாலானவை ஒரு மாதத்துக்குள் பழகிக்கொண்டதாகவே தெரியவந்தது. இந்த முடிவுகளை ஏலமலைக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. சரிவில் இறங்கும்போது எடை இன்னும் முன்னே சாய்கிறது. ஒற்றை முன்னங்காலோடு இறங்கும் நாய் ஒவ்வொரு அடியிலும் தோளில் அடி வாங்குகிறது. ஏறும்போது உந்தித் தள்ளுவது பின்னங்கால். அதை இழந்த நாய் மேட்டில் சீக்கிரம் களைக்கிறது. போடி நகரின் தெருவில் சுகமாக வாழும் மூன்றுகால் நாயைத் தோட்டத்து மேட்டில் விட்டால் மிச்சமிருக்கும் மூட்டுகள் தேயும். உடல் எடை கூடாமல் பார்த்துக்கொள்வது இங்கே மருந்துக்குச் சமமான சிகிச்சை.

தண்டுவடம் அடிபட்டால் கதை வேறு. பின்பகுதி செயலிழந்த நாயின் கால்விரலை மருத்துவர் இடுக்கியால் அழுத்துவார். கால் வெடுக்கென்று மடங்கினால் வீட்டார் முகம் மலரும். ஆனால் அது தண்டுவடத்தின் அனிச்சைச் செயல் மட்டுமே. நாய் தலையைத் திருப்பிப் பார்க்கிறதா, முனகுகிறதா, கடிக்க வருகிறதா என்பதையே மருத்துவர் கவனிக்கிறார். வலி மூளையை எட்டினால் மீண்டும் நடக்கும் வாய்ப்பு நன்றாகவே உண்டு. எட்டாவிட்டால் வெகுவாகக் குறைகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 2012இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான தண்டுவடக் காயம் பட்ட 34 வளர்ப்பு நாய்களில் 23க்கு அவற்றின் மூக்கிலிருந்தே எடுத்து வளர்த்த உயிரணுக்களைச் செலுத்தினார்கள். முன்கால் பின்கால் ஒத்திசைவு பல நாய்களில் மேம்பட்டது. சிறுநீர்க் கட்டுப்பாடு மீண்டதாகச் சொல்ல முடியவில்லை. நடையைவிட அன்றாட வாழ்வைச் சுமையாக்குவது இதுதான். நாளுக்கு மூன்று நான்கு முறை யாராவது அடிவயிற்றை அழுத்திச் சிறுநீர்ப்பையைக் காலியாக்க வேண்டும். இல்லையேல் தொற்று சிறுநீரகம் வரை ஏறும். இழுத்து நகரும் உடலில் புண் விழும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் ஈரம் காயாது, ஈ மொய்த்துப் புண்ணில் புழு வைத்துவிடும். சக்கர வண்டி சமதளத்தில் பேருதவி. கல்படியும் சரிவும் நிறைந்த தோட்டப் பாதையில் அது உருண்டு கவிழும் ஆபத்து உண்டு.

இந்த மீட்சிக் கதைகளே ஏமாற்று என்ற எதிர்வாதம் உண்டு. அதை எளிதில் தள்ள முடியாது. விலங்குகள் வலியை மறைக்கும். வால் ஆட்டுவதால் வலியில்லை என்றாகாது. மேலும், பிழைத்தவற்றின் கதையே நம் காதுக்கு வருகிறது. நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளில் சிகிச்சை பெற்றவற்றுள் 90 விழுக்காடு பிழைத்ததாக 1987இல் வெளியான ஆய்வு சொன்னது. விழுந்த இடத்திலேயே இறந்தவை அந்தக் கணக்கில் வரவே இல்லை. இரண்டு குறைகளையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அவை சிகிச்சை வேண்டாம் என்று சொல்லவில்லை. வியப்பை விட்டுவிட்டு அளந்து பார் என்றே சொல்கின்றன. தின்பது, தூங்குவது, தொட்டால் எரிச்சல், கூப்பிட்டால் வருவது ஆகியவற்றை நாள்தோறும் கவனித்தால் மறைந்த வலி பிடிபடும். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இது கட்டுபடியாகுமா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. நசுங்கிய காலைக் காப்பாற்றத் திரும்பத் திரும்பச் செலவழிப்பதைவிட, ஆரம்பத்திலேயே அகற்றிவிடுவது பல நேரம் செலவிலும் வலியிலும் குறைவு. காலையில் ஜீப் ஏறி மாலையில் திரும்பும் வீட்டில் தண்டுவடம் முறிந்த நாயைப் பேணப் பகல் முழுக்க ஆள் இருக்காது. அந்த வீட்டார் மருத்துவர் சொல்படி கருணைக்கொலைக்குச் சம்மதித்தால் அவர்களை இரக்கமற்றவர்கள் என்பது அநியாயம். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமும், தெருநாய்களைப் பொறுத்து 2023ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும், மீள முடியாத துன்பத்தில் இதற்கு இடம் தருகின்றன. முறிந்த காலோடு நாயைத் தெருவில் இறக்கிவிட்டுப் போவதற்கு எந்த நியாயமும் இல்லை.

தேனி மாவட்டத்தில் 2020இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியபின் பயிற்சி பெற்ற கைகள் மலைக்கு அருகே வந்திருக்கின்றன. ஆனாலும் வளைவுகளைக் கடந்து கீழே இறங்கும் நேரத்தில் என்ன செய்கிறோம் என்பது பெரிது. முதுகில் அடிபட்ட நாயைக் கையில் தூக்காமல் பலகையில் கிடத்தி, அசையாதபடி துணியால் கட்ட வேண்டும். மூச்சுத் திணறலோ வாந்தியோ இல்லையென்றால் துணியால் வாய்க்கட்டுப் போடலாம். வலியில் வளர்த்தவரையே கடிக்கும். சுருக்கிலிருந்து விடுபட்ட கால் நன்றாகத் தெரிந்தாலும், ரத்த ஓட்டம் தடைப்பட்ட தசை சில நாள் கழித்து அழுகக்கூடும் என்பதால் உடனே காட்ட வேண்டும். வீட்டிலுள்ள வலி மாத்திரையைக் கொடுக்கவே கூடாது: டைக்ளோபினாக் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், ஒரு பாராசிட்டமால் மாத்திரையே பூனையைக் கொன்றுவிடக்கூடும்.