இரண்டு பதிவேடுகள்

சைதாப்பேட்டையில் அடையாற்றின் மீது 1726இல் பாலம் கட்டியவர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர். இன்று அங்கிருக்கும் பாலத்துக்கு மறைமலை அடிகள் பெயர். அயலான் போட்ட வழி தமிழின் பெயரில் நிலைத்துவிட்டது. தமிழ் பேசிக்கொண்டே கடல் தாண்டி வந்தவர்களைத் தேசம் எந்தப் பெயரில் வைத்திருக்கிறது?

பாலத்துக்குப் பக்கத்தில் மாலைநேரம் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். வரும் கல்லூரி மாணவர்களில் ஒருவன் அகதி முகாமில் பிறந்தவன். ஒரு விண்ணப்பத்தை நீட்டி, "சார், நேஷனாலிட்டின்னு கேட்டிருக்கு. நான் என்ன எழுதணும்?" என்றான். வீட்டில் 'கதைக்கிற'வன் வகுப்பில் கவனமாகப் 'பேசுகிறான்'. அவன் பெயர் இரண்டு பதிவேடுகளில் இருக்கிறது: ஒன்று கல்லூரியின் வருகைப் பதிவேடு, மற்றது முகாமில் 'செக்கிங்' வரும்போது அதிகாரிகள் புரட்டுவது. ராத்திரி தூக்கமில்லையாம். தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள் என்றாராம் ஆலோசகர்.

இந்தத் தூக்கமின்மைக்கு வரலாறு உண்டு. 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல், பல்கலைக்கழகம் நுழையத் தமிழ் மாணவன் கூடுதல் மதிப்பெண் எடுக்க வேண்டும் என்றது. 1983 ஜூலைக்குப் பின் தப்பி வந்தவர்களின் பிள்ளைகளுக்கு, 1991இல் ராஜீவ் கொலையை அடுத்து, இங்கேயும் கல்லூரிச் சேர்க்கை நிறுத்தப்பட்டது. 1996இல்தான் மறுபடி கிடைத்தது. அங்கே தமிழன் என்று, இங்கே அகதி என்று. தேசம் தன் எல்லையை வகுப்பறை வாசலிலும் வரைகிறது.

இந்தியச் சட்டத்தைப் பாருங்கள். 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் என்றால் பெற்றோரின் குடியுரிமையும் வேண்டும். ஆக, ஒரே முகாமில், ஒரே தாய்க்கு, 1986இல் பிறந்த அக்கா இந்தியர். 1988இல் பிறந்த தம்பி அந்நியன். 2019இன் திருத்தத்தில் இலங்கை இல்லை. 2025இல் பதிவுபெற்ற அகதிகளுக்கு, ஆவணமின்றித் தங்குவதற்கான தண்டனையிலிருந்து விலக்கு கிடைத்தது, குடியுரிமை கிடைக்கவில்லை.

அல்ஜீரியாவில் பிளிடா மனநல மருத்துவமனையில் பணிபுரிந்த ஃபனான் 1956இல் பதவி விலகினார். சொந்த மண்ணிலேயே அந்நியமாக்கப்பட்டவனை மருத்துவம் மட்டும் எப்படி மீட்கும் என்பதே அவர் கேள்வி. மருந்தோ ஆலோசனையோ வேண்டாமென்று நான் சொல்லவில்லை. தூங்காதவனுக்கு அவை உடனே வேண்டும். ஆனால் சட்டம் உண்டாக்கிய காயத்தை மாணவனின் சுபாவக் குறையாக எழுதிவைத்தால், சட்டம் தப்பித்துக்கொள்கிறது; அவனோ தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்கிறான்.

அடையாளத்தைப் பன்முகமானது, நிலையற்றது என்று கோட்பாட்டில் கொண்டாடலாம். கையில் பாஸ்போர்ட் இருப்பவர்களுக்கு அது சுலபம். அவன் கேட்பது படிவத்தில் நிரப்ப ஒரு சொல். இங்கே பிறந்த எல்லாருக்கும் குடியுரிமை என்ற கோரிக்கையை எழுப்பாத தமிழ் அடையாளப் பேச்சு அவனுக்கு எந்த விதத்திலும் உதவாது.