வாராத பொதிகளும் வந்த நூல்களும்

தமிழ் அச்சு வரலாற்றை ஆண்டுகளின் நிரலாகவே நாம் கற்றும் கற்பித்தும் வருகிறோம். கி.பி. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’. 1586இல் ‘அடியார் வரலாறு’. 1679இல் அம்பலக்காட்டில் புரோயன்சா அடிகளின் தமிழ் - போர்த்துக்கீசிய அகராதி. 1715இல் தரங்கம்பாடியில் நிறைவுற்ற புதிய ஏற்பாடு. தேர்வெழுதும் மாணவர்க்கு இந்நிரல் போதும். ஆயின் ஓராண்டுக்கும் மற்றோராண்டுக்கும் இடையே கடலில் கிடந்த சரக்குகளைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. பொறியும் எழுத்தும் தாளும் நாடு விட்டு நாடு வரவேண்டியிருந்த காலத்தில் ஒரு பொதி தாமதித்தால் ஒரு நூல் தாமதித்தது. ஒரு பொதி தொலைந்தால் ஒரு நூலே இல்லாமற் போயிற்று. நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் அப்பொதிகளின் வரலாற்றைச் சொல்வது பொருத்தமாகும்.

பொருநையின் முகத்துவாரத்தில்

ஏரலைக் கடந்து செல்லும் பொருநை கடலொடு கலக்குமிடத்தில் உள்ள ஊர் புன்னைக்காயல். முத்துக்குளித்துறை மக்களிடையே அரை நூற்றாண்டு வாழ்ந்து, தமிழ் கற்று, தமிழில் உரைநடை எழுதி, 1600இல் மறைந்த அண்டிரிக் அடிகளின் ஊர் அது. அவருடைய ‘அடியார் வரலாறு’ இவ்வூரிலேயே அச்சேறியது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நம்மூரிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில், நானூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ் எழுத்து ஈயத்தில் வார்க்கப்பட்டுத் தாளில் பதிந்தது என்பது எத்துணைப் பெருமைக்குரியது!

ஆனால் அந்நூலைப் பார்க்க விரும்புவோர் உரோமாபுரிக்குச் செல்ல வேண்டும். வத்திக்கான் நூலகத்தில் ஒரு படி உள்ளது. ‘தம்பிரான் வணக்கம்’ அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. புரோயன்சாவின் அகராதியும் உரோமையில் தங்கிய படியால்தான் நமக்குக் கிட்டியது. அதனைத் தனிநாயகம் அடிகள் 1966இல் கோலாலம்பூரிலிருந்து மறுபதிப்பாக வெளியிட்டார். கடல் கடந்து சென்ற படிகள் பிழைத்தன. இங்கேயே தங்கியவை செல்லுக்கும் ஈரத்துக்கும் இரையாயின.

நூல்கள் மட்டுமா மறைந்தன? எழுத்து வார்க்கும் கைத்திறனும் மறைந்தது. அதனாற்றான், பொருநைக் கரையில் அச்சேறி நூற்றிருபது ஆண்டுகள் கழிந்த பின்னும், தரங்கம்பாடியில் ஒரு தமிழ் நூலை அச்சிட முனைந்தவர் தமிழ் எழுத்துகளைச் செருமனியிலிருந்து வரவழைக்க நேர்ந்தது.

ஓர் அச்சுப்பொறியின் பயணம்

சீகன்பால்கும் புளூட்சோவும் 1705 நவம்பர் இறுதியில் டென்மார்க்கை விட்டுப் புறப்பட்டு, 1706 சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தனர். வழியில் கழிந்தவை ஏழு திங்களுக்கு மேல். ஒரு மடல் போய் அதற்கு மறுமொழி வர ஓராண்டுக்கும் மேலாகும் என்பதை இதனால் உய்த்துணரலாம். அவர்களுக்கென அனுப்பப்பட்ட பணப்பெட்டி ஒன்று, நெடுங்கடலையெல்லாம் கடந்து வந்து, கரையேறும் வேளையில் படகு கவிழ்ந்து தரங்கம்பாடிக் கடலிலேயே மூழ்கிய நிகழ்ச்சியும் உண்டு.

இலண்டனின் கிறித்துவ அறிவுபரப்புக் கழகம் 1711இல் ஓர் அச்சுப்பொறியையும், உரோமன் எழுத்துகளையும், தாளையும், யோனாசு பிங்கு என்னும் அச்சுத் தொழிலாளரையும் கப்பலேற்றியது. அப்போது ஐரோப்பாவில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. பிரேசில் நாட்டு ரியோ டி செனிரோ நகரைப் பிரெஞ்சுக் கப்பற்படை தாக்கிய வேளையில் இக்கப்பலும் அகப்பட்டது. தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய பொறி, தமிழின் பெயரையே கேட்டிராத நாட்டுத் துறைமுகத்தில் பகைவர் கையில் சிறைப்பட்டது. பொருள்கள் பல பறிபோயின, கப்பல் மீட்கப்பட்டது, பொறி தப்பியது. ஆயினும் அதனை இயக்க வந்த பிங்கு, நன்னம்பிக்கை முனையருகே காய்ச்சலில் இறந்துபோனார். 1712இல் பொறி வந்து சேர்ந்தது. அதை இயக்குபவர் வரவில்லை.

டேனியக் கோட்டைப் படைவீரருள் அச்சுத் தொழிலறிந்த ஒருவரைக் கண்டுபிடித்து வேலையைத் தொடங்கினர். முதலில் போர்த்துக்கீசிய மொழியில்தான் அச்சிட முடிந்தது. செருமனியின் ஆலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்தன. தமிழறியாதார் செய்த அவ்வெழுத்துகள் அளவில் மிகப் பெரியனவாய் இருந்தன. எழுத்துப் பெரிதானால் தாள் மிகுதியாகச் செலவாகும். தாளோ கப்பலில் வரவேண்டிய பொருள். ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். இலண்டனிலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளின் ஈய உறைகளை உருக்கி அதற்குப் பயன்படுத்தினர் என்று அச்சு வரலாற்று நூல்கள் குறிக்கும். அருகிலுள்ள பொறையாற்றில் தாள் ஆலையும் எழுந்தது. கப்பலை எதிர்நோக்கிக் கண் பூத்தவர்கள், கப்பலை நம்பாமல் இருக்கக் கற்றுக்கொண்டனர் எனலாம்.

எதிர்த்திசைப் பொதிகள்

இங்கிருந்து அங்குச் சென்றவற்றின் கதை வேறு வகையானது. சீகன்பால்கு தாம் தொகுத்த தமிழ்ச் சுவடிகளுக்கு 1708இல் ஒரு விளக்க அட்டவணை எழுதி அனுப்பினார். அது முழுமையாக அச்சேறியது 1880இல். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதி முடித்த நூல் பத்திரமாகவே ஆலே நகரை அடைந்தது. ஆனால் புறச்சமயத்தை வேரறுக்கச் சென்றவர் அதனை ஐரோப்பாவில் பரப்புவதா என்று எண்ணிய பிராங்கே அதனை வெளியிடவில்லை. ஆசிரியர் பெயரோடு அது வெளிவந்தது 1867இல், நம் சென்னையில். சீகன்பால்கு 1719இலேயே மறைந்துவிட்டார். கடல் ஏழு திங்கள் தாமதித்தது. ஒரு மேசை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் தாமதித்தது.

தமிழர் சிலர், தம் வாழ்வையும் சமயத்தையும் கல்வியையும் பற்றிக் கேட்கப்பட்ட வினாக்களுக்கு விடையாக எழுதிய தொண்ணூற்றொன்பது மடல்களும் அங்குச் சென்றன. அவை செருமன் மொழியில் அச்சாகி நமக்குக் கிடைக்கின்றன. அவர்கள் எழுதிய தமிழ் நமக்குக் கிடைக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழர் தம்மைப் பற்றி எழுதிய உரைநடையை, அயன்மொழியிலிருந்து திருப்பிப் பெயர்த்தே படிக்க வேண்டிய நிலை. உரைநடை வரலாற்றில் இதனினும் பெரிய இழப்பு எது?

படியெடுத்து வைப்போம்

அக்காலக் கடல்வணிகரிடம் நல்ல வழக்கம் ஒன்று இருந்தது. முதன்மையான மடலைப் படியெடுத்து இருவேறு கப்பல்களில் அனுப்புவர். ஒன்று மூழ்கினும் மற்றொன்று கரை சேரும். இவ்வழக்கம் கவிஞர்க்கும் வேண்டும். ஒரே குறிப்பேட்டில் எழுதி, அதனையும் நண்பரிடம் இரவல் கொடுத்து இழந்தவர் நம்முள்ளும் இருப்பர். நூல் வெளியிடுவோர் கன்னிமாரா உள்ளிட்ட பொது நூலகங்களுக்குப் படி அனுப்ப வேண்டுமென 1954ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. சட்டத்துக்காக அன்றி, நம் சொல்லுக்காகவேனும் அதனைச் செய்வோம்.

புன்னைக்காயலின் நூலைக் காத்தது உரோமை. ஏரலில் எழுதப்படுவதை ஏரலும் காக்க வேண்டும். ஏரலுக்கு அப்பாலும் அதன் படியொன்று இருக்க வேண்டும். இம்மலரின் முதற்படிகளைக் கட்டும்போது அன்பர்கள் இதனை நினைவிற் கொள்வார்களாக.