குரலுக்கு வயது கற்பித்தல்: ‘யீஸ்’ இசைத்தொகுப்பின் வரவேற்பு குறித்து

அமெரிக்கப் பாடகி ஜோவன்னா நியூசமின் ‘யீஸ்’ 2006 நவம்பரில் வெளியானபோது, மெச்சியவர்களும் வெறுத்தவர்களும் ஒரே அடைமொழியைக் கையாண்டனர்: குழந்தைக் குரல். வியந்தவர்களுக்கு அது கானகத்துத் தேவதை பாடுவதுபோல் இருந்தது. சலித்தவர்களுக்கு அடம்பிடிக்கும் சிறுமியின் கீச்சொலியாகப் பட்டது. இவ்விரு தரப்பும் தவறிய இடம் ஒன்றே என்பது என் வாதம். இருபத்து நான்கு வயதுப் பெண்ணின் குரலுக்கு அவர்களே ஒரு வயதைக் கற்பித்து, அந்த வயதைக் கொண்டே படைப்பையும் அளந்தார்கள்.

படைப்போ குழந்தை விளையாட்டன்று. ஐந்தே பாடல்கள், ஏறத்தாழ 55 நிமிடங்கள். ‘ஒன்லி ஸ்கின்’ மட்டுமே 17 நிமிடங்களை நெருங்குகிறது. பாப் பாடலில் காது எதிர்பார்க்கும் பல்லவி இவற்றில் எளிதில் அகப்படாது. நியூசமின் ஹார்ப்பையும் குரலையும் ஸ்டீவ் ஆல்பினி முதலில் பதிவு செய்தார். அப்பதிவின்மேல் வான் டைக் பார்க்ஸ் இசைக்குழுவுக்கான பகுதிகளை எழுதிச் சேர்த்தார். நாற்பத்தேழு நரம்புகளும் ஏழு மிதிகளும் கொண்ட அந்தக் கருவியில் இரு கைகளும் வெவ்வேறு தாளக்கணக்கில் ஓட, குரல் இரண்டையும் ஊடறுத்துச் செல்கிறது. மேற்கு ஆப்பிரிக்கக் கோரா வாசிப்பின் தாளப்பின்னலை இளமையிலேயே பயின்றதன் விளைவு இது. மில்ஸ் கல்லூரியில் இசையாக்கம் படித்தவர் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். இத்தனை உழைப்பையும் ‘விசித்திரம்’ என்ற ஒற்றைச் சொல்லால் கடந்துபோனது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

தமிழில் மழலை வேறு, குழந்தைத்தனம் வேறு. முன்னது ஒலியின் இனிமையைச் சொல்வது. பின்னது அறிவின் முதிராமையைச் சுட்டுவது. ஆங்கில விமர்சனம் ஒன்றைச் சொல்லத் தொடங்கி மற்றொன்றில் போய் முடிந்தது. நியூசமே இந்த அடைமொழியை வெளிப்படையாக மறுத்திருக்கிறார். அவர் தம் முன்னோடியாகக் கூறுவது வர்ஜீனியாவின் டெக்சஸ் கிளாடனை. ஆலன் லோமாக்ஸ் பதிவு செய்த கிளாடனின் கதைப்பாடல்களைக் கேட்டவர்கள், குரல் திடீரென உடைந்து மேலெழும் அந்த முறையை அறிவார்கள். அவை ஒரு வட்டாரத்தின் முதிர்ந்த பெண் பாடிய பாடல்கள். பாப் டிலனின் கரகரப்பும் கேலிக்கு உள்ளானதுதான். ஆயினும் இருபது வயதிலேயே முதியவர்போலப் பாடுகிறார் என்று அவருக்கு வயதைக் கூட்டினார்களே தவிர, யாரும் குறைக்கவில்லை. நாட்டார் மரபின் கரடுமுரடு ஆணிடம் அனுபவமாகவும் பெண்ணிடம் அறியாமையாகவும் கேட்கப்படுகிறது.

இதற்குச் சான்று பின்னாளில் கிடைத்தது. 2009-இல் தொண்டையில் முடிச்சுகள் ஏற்பட்டு, சுமார் இரு மாதங்கள் நியூசமால் பாடவோ பேசவோ இயலவில்லை. மீண்டபோது குரல் கனிந்திருந்தது. 2010-இல் வந்த ‘ஹேவ் ஒன் ஆன் மீ’ மூன்று வட்டுகள், இரண்டு மணி நேரம். நீளத்தில் ‘யீஸ்’ போல இரு மடங்குக்கும் மேல். நீளமும் வழக்கத்தை மீறிய அமைப்பும்தான் கேட்போரை விலக்கின என்றால், இது இன்னும் கடுமையாக ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். நடந்தது வேறு. குரலின் மாற்றத்தைக் குறிப்பிட்டே பலர் இதை வரவேற்றார்கள். முன்பு விலகிப்போன சிலரும் திரும்பி வந்தார்கள். ஆக, இசையின் கட்டமைப்பைப் பற்றியதாகத் தோன்றிய முறையீட்டில் பெரும்பகுதி குரலின் நிறத்தைப் பற்றியதே.

‘யீஸ்’ மீதான குறைகளுள் நான் பாதி ஏற்பது ஒன்று உண்டு: பார்க்ஸின் இசைக்குழு ஹார்ப்பை மூடிவிடுகிறது என்பது. ‘மங்கி அண்ட் பேர்’ பாடலில் கதையின் ஒவ்வொரு அசைவுக்கும் வயலின்களும் குழல்களும் உடனுக்குடன் விளக்கம் சொல்கின்றன. கேட்பவர் தாமே கண்டுகொள்ள இடம் குறைகிறது. ஆனால் இது குரலின் வயதைத் தொடாத, இசைக்குள் நின்று பேசும் விமர்சனம். அதைச் சோதிக்கத் தொகுப்பிலேயே வழி இருக்கிறது. நடுவில் அமைந்த ‘சாடஸ்ட் அண்ட் டயமண்ட்ஸ்’ பாடலில் இசைக்குழு கிடையாது. பத்து நிமிடங்களுக்குச் சற்றுக் குறைவாக, ஹார்ப்பும் குரலும் மட்டும். தாழ்ந்த நரம்புகள் நிற்காமல் சுழல, சொற்றொடர் தாளத்துக்கு முன்னே விழுந்தும் பின்னே தங்கியும் போகிறது. மூச்சு எடுக்கும் இடங்கள்கூட அளந்து வைத்தவைபோல் இருக்கின்றன.